உள்ளது உள்ளபடி

பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டு கசாப்புக்கடைக்காரருக்குப் போயிருந்தது. கசாப்புக்கடைக்காரரின் ஏப்ரன் பல் டாக்டருக்கு வந்திருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு நான் உள்ளே போனா எவன் வாயைத் திறப்பான்?" என்று டாக்டர் சலவைக்கடைக்காரரிடம் சண்டைக்கு வந்தார்.

ஒரு பெரிய கம்பெனியிடம் பிரான்சைஸ் எடுத்து நடத்தும் கடை அது. பெயர்ப்பலகையும் அவர்களுடையது, மென்பொருளும் அவர்களுடையது. எந்தத் துணி யாருடையது என்று கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும். சில வாரங்களாக அது வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல வேலையை விட்டுவிட்டு, மனைவி பேச்சையும் மீறித் தொடங்கிய கடை. இது போனால் அவருக்கு வேறு போக்கிடமில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தார். மென்பொருளுக்கு உத்தரவாதம் இருந்ததாம். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து கணக்காம். கடையில் பெயின்ட் காய்வதற்குள்ளேயே முடிந்துவிட்டதாம். வேண்டுமானால் அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். போட்டார். கடையிலிருந்த அத்தனை துணியும் கசாப்புக்கடைக்காரருடையது என்றது கம்ப்யூட்டர்.

ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வக்கீல் மச்சினனிடம் ஓடினார். கையெழுத்துப் போடும் முன்பு காட்டியிருக்கலாமே என்று அவன் கேட்கவில்லை, முகத்தை மட்டும் அப்படி வைத்துக்கொண்டான்.

"சாஃப்ட்வேரை உள்ளது உள்ளபடிதான் குடுத்திருக்காங்க, மாமா. அதால துணி மாறினா நஷ்டம் உங்களுது. யாராவது கம்பெனி மேல கேஸ் போட்டா, அவங்க வக்கீலுக்கும் நீங்கதான் ஃபீஸ் கட்டணும்."

"அவங்களுக்குன்னு ஒரு பொறுப்பும் இல்லையா?"

"இருக்கு. லாபத்துல பங்கு வாங்கிக்கிற பொறுப்பு."

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரைக் காணச் சகிக்காமல் மனைவி ஒரு வழி சொன்னாள். பெயரெழுதிய சீட்டு ஒன்றை ஒவ்வொரு துணியிலும் ஊக்கால் குத்திவிட்டால் போதாதா?

போதும்தான். ஆனால் அவர்கள் மென்பொருளைத் தவிர வேறெந்த வழியில் கணக்கு வைத்தாலும் பிரான்சைஸ் ரத்து என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் திருட்டுத்தனமாகக் குத்தினார். கோட்டு டாக்டரிடம் போனது, ஏப்ரன் கசாப்புக்கடைக்குப் போனது. கம்ப்யூட்டரைத் துண்டு போட்டு மூடிவிட்டு ஒரு மாதம் நிம்மதியாகத் தொழில் பார்த்தார்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி மதியம் நேரில் வருகிறார். ஏன் என்று சொல்லவில்லை. சலவைக்கடைக்காரர் உடனே மச்சினனுக்குப் போன் போட்டார்.

"ஒரே ஒரு சீட்டு கண்ணுல பட்டாலும் கடை போச்சு, மாமா," என்றான் மச்சினன்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் சீட்டுகளைப் பிடுங்கினார்கள். அவர் அவற்றைச் சுக்குநூறாகக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஓட்டல் ஊழியர்களின் சீருடை, நர்சுகளின் சட்டை, டாக்டரின் கோட்டு, எல்லாம் ஒரே வெள்ளையாக வரிசையில் தொங்கின.

"என்னங்க, நாளைக்கு யாருக்கு எதைக் குடுக்கிறது?" என்றாள் மனைவி.

"முதல்ல நாளைக்குக் கடை இருக்கட்டும்."

அதிகாரி வந்தார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. நேராகத் துணிகளிடம் போய், ஒவ்வொரு காலரையும் தூக்கிப் பார்த்து எதையோ தேடினார். கிடைக்கவில்லை. குழப்பத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"எல்லாமே உங்க சாஃப்ட்வேர்தான் சார். வேற எதையும் நாங்க தொடுறதே இல்ல," என்றார் சலவைக்கடைக்காரர்.

அதிகாரி பெருமூச்சு விட்டார்.

"மறைக்காதீங்க சார். எல்லாக் கடையிலும் துணி மாறுது, உங்க கடையில மட்டும்தான் ஒரு மாசமா புகாரே இல்ல. அந்த சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு, நீங்க செய்யிறதையே எல்லாக் கடைக்கும் கொண்டுவரலாம்னு பாத்துட்டு வரச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருக்காங்க."