என் காரை மட்டும் நேராக்காத நடுப்புள்ளி அண்ணாச்சி

உலகத்தில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதன் நடு எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் சிவகாசியில்தான் இருந்தார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவருக்கும் வீட்டில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் நடுப்புள்ளி அண்ணாச்சி.

பிள்ளைகளே, நீங்கள் இப்போது போனில் ஆடுகிற கேமுக்கு அப்போதெல்லாம் கடைக்குப் போக வேண்டும். அண்ணாச்சி ஒரு மாடிப்படிக்குக் கீழே நாலு பழைய கம்ப்யூட்டர் போட்டு கேம் கடை வைத்திருந்தார். நாலிலும் ஒரே கார் ரேஸ்தான். ஓட்டுவதற்கு கேம்பேடு. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் ஒரு சின்ன ஸ்டிக்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ள வேண்டும். தள்ளாமல் விட்டால் கார் நேராகப் போக வேண்டும். பழைய கேம்பேடில் போகாது. தானாகவே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டும். ஸ்டிக்கின் நடு எது என்பது கம்ப்யூட்டருக்குக் குழம்பிவிட்டது என்று அர்த்தம். அதைத் திரும்பவும் காட்டிக் கொடுப்பதற்கு காலிபரேஷன் என்று பெயர். மற்ற கடைகளில் அதற்கு அரை நிமிஷம் ஆகும். அண்ணாச்சி கடையில் அரை மணி நேரம்.

முதலில் மேசைமேல் கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். மேசை சாய்ந்திருந்தால் காலுக்கு அடியில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் சொருகுவார். அப்புறம் ஃபேனை நிறுத்துவார்.

"ஃபேனு என்ன செஞ்சது அண்ணாச்சி?"

"ஸ்டிக்கைக் காத்து தள்ளுதுல்லா."

வேர்த்து ஊற்றும். அவர் கவலைப்பட மாட்டார். திரையில் ஒரு பெட்டி வரும். அதற்குள் சின்னதாக ஒரு கூட்டல் குறி. ஸ்டிக்கைத் தொடாமல் இருந்தால் அந்தக் குறி பெட்டியின் நடுவில் நிற்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து, திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார். "மயிரிழை தள்ளியிருக்கு" என்பார். மறுபடி முதலிலிருந்து. இதற்குள் கரண்ட் போய்விடும். வந்தவுடன் மறுபடி ரசமட்டம்.

லென்ஸ் அவருடைய பழைய வேலையிலிருந்து வந்தது. ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். காலண்டர் அடிக்கும்போது நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்க்க, தாளின் ஓரத்தில் இதே மாதிரி ஒரு கூட்டல் குறி போடுவார்கள். ஒரு சீசனில், பிள்ளையாரின் பொட்டு மயிரிழை விலகியிருக்கிறது என்று மெஷினை நிறுத்திவிட்டார். லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது.

"பொட்டு விலகுனா பிள்ளையாரு கோவிச்சிக்கிடுவாரா?" என்று கத்தினாராம் முதலாளி.

"அவரு கோவிக்க மாட்டாரு மொதலாளி. நான் கோவிப்பேன்."

அதோடு பிரஸ் வேலை போனது. லென்ஸ் மட்டும் கூட வந்தது.

கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருக்கும். பட்டாசுக் கம்பெனியை நாங்கள் ஃபயர் ஆபீஸ் என்போம். அங்கிருந்து வருகிறவன் கையெல்லாம் அலுமினியப் பவுடர் ஒட்டி, வெள்ளி முலாம் பூசினது போல மின்னும். அது ஸ்டிக்குக்குள் இறங்கினால் கார் நடுங்கும். அதனால் கழுவின கையையும் நகத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கிறவர்கள்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

இப்படிப்பட்டவருடைய மொபெட்டில் ஹேண்டில்பார் கோணல். வண்டி ரோட்டில் நேராகப் போகும். அண்ணாச்சியின் கை மட்டும் இடது பக்கம் திரும்பியிருக்கும்.

"ஊர்ல உள்ளதையெல்லாம் நேராக்குதீக, இதைப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வண்டி நேராத்தானே தம்பி போவுது? கைக்குப் பளகிட்டா அதான் நடு."

பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பு, நாரணாபுரத்தில் நான் வேலை பார்த்த ஃபயர் ஆபீஸில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும்போது ஒரு பொறி பட்டது. பெரிய விபத்து இல்லை. இடது கட்டைவிரல் மட்டும் வெந்தது. புண் ஆறிவிட்டது, ஆனால் தோல் இறுகி, விரல் ஆள்காட்டி விரலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தினமும் நீட்டி நீட்டி மடக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். நீட்டினால் உயிர் போகிற வலி. நீட்டவில்லை. கட்டைவிரல் வேலை செய்தால் வா என்று போர்மேன் சொல்லியிருந்தார். தீபாவளி முடிந்து கம்பெனி திறந்து எல்லாரும் வேலைக்குப் போனார்கள். நான் இடது கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா புருஷன் மாரிச்சாமி மச்சான் என்னை அண்ணாச்சி கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மச்சானோடு இரண்டு ரேஸ் ஓட்டினேன். என் கார் இரண்டு தடவையும் இடது பக்கச் சுவரில் ஏறியது. என் விரல் ஸ்டிக்கை இடது பக்கமாகவே அமுக்கி வைத்திருந்தது. நடுவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

"ஏலே மாப்ள, சுவத்துக்கு வெள்ளையடிக்கவா வந்த?" என்றார் மச்சான்.

நான் எழுந்துவிட்டேன். அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "கேம்பேடைப் பிடிங்க தம்பி. விரல் எங்கன நிக்கோ அங்கனயே நிக்கட்டும்."

லென்ஸை எடுத்தார். அவர் பார்த்தது திரையை இல்லை, என் விரலை. கேம்பேடின் விளிம்பில் பென்சிலால் ஏதோ கீறினார். பட்டனை அமுக்கினார்.

"இப்ப ஓட்டுங்க."

கார் கோடு போட்டது போல நேராகப் போனது. மச்சான் கேம்பேடை வாங்கி ஓட்டிப் பார்த்தார். விரலை எடுத்த மறு நிமிஷம் கார் வலது பக்கப் பள்ளத்தில் கவிழ்ந்தது.

"என்ன அண்ணாச்சி, இது கள்ளாட்டமா இருக்கு?"

"அவருக்கு அதான் நடு. இந்த நாலாம் நம்பர் மெஷின்ல இனி வேற யாரும் உக்காரப்படாது" என்று சொல்லி, ஒரு அட்டையும் எழுதித் தொங்கவிட்டார்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் போனேன். ஆனால் ஒரு குறை. போன வாரம் நேராகப் போன கார், அடுத்த வாரம் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும்.

"அண்ணாச்சி, இழுக்குது."

"மெஷினு பளசு. லேசா வலப்பக்கம் தள்ளி ஓட்டுங்க."

வலிக்கும். மச்சானிடம் தோற்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவேன். ஒரு வாரத்தில் பழகிவிடும். அடுத்த ஞாயிறு மறுபடி இழுக்கும். ஊரில் உள்ள கேம்பேடையெல்லாம் மயிரிழைக்குச் சரிபண்ணுகிற மனிதருக்கு என் ஒரு கேம்பேடைச் சரிபண்ணத் தெரியவில்லை! வயதாகிவிட்டது என்று மச்சானிடம் சொல்லிச் சிரித்தேன். அண்ணாச்சிக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

பொங்கல் கழிந்த ஞாயிறு. அண்ணாச்சி டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் மச்சான் நாலாம் நம்பரில் உட்கார்ந்துவிட்டார். பள்ளத்தில் விழப்போகிறார் என்று நானும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. கார் நேராகப் போனது.

"மச்சான், உங்களுக்கு எப்படி நேராப் போவுது?"

"உனக்கும் நேராத்தானல போவுது!"

கேம்பேடைப் பிடுங்கிப் பிடித்தேன். என் கட்டைவிரல் நீண்டு, ஸ்டிக்கோடு நட்டநடுவில் நின்றது. ஆள்காட்டி விரலுக்கும் அதற்கும் நடுவே ஒரு பூச்சட்டியை வைக்கலாம் போல இடம் இருந்தது. எனக்கே தெரியாமல் அது எப்போது அங்கே வந்தது?

அண்ணாச்சி டீயோடு வந்தார். என் கையைப் பார்த்தார்.

"வாரா வாரம் நடுவை நகத்திட்டு இருந்தீகளா அண்ணாச்சி?"

"ஆமா. மயிரிழை, மயிரிழையா."

"சொல்லியிருக்கலாம்லா?"

"டாக்டரு சொன்னாருல்லா. நீட்டுனீகளா?"

நான் கட்டைவிரலை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தேன்.

"டீ ஆறுது. எந்திரிங்க, உங்க மச்சான் தொட்டுட்டாரு, நடு பாக்கணும்" என்று ஃபேனை நிறுத்தப் போய்விட்டார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். கட்டைவிரலை ஆட்டிக் காட்டச் சொன்னார் போர்மேன். ஆட்டினேன். உள்ளே போ என்றார்.

பின்னால் எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் வந்து கடை படுத்துவிட்டது. அண்ணாச்சி திருப்பூருக்கு, பனியனில் பூப்போடுகிற வேலைக்குப் போனார். அங்கே எத்தனை மெஷினை நிறுத்தினாரோ தெரியாது. போகும்போது நாலாம் நம்பர் கேம்பேடை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"எதற்கப்பா இந்தக் குப்பை?" என்று அலமாரியில் இருப்பதைக் காட்டி நீங்கள் கேட்கிறீர்களே, அது அந்தக் கேம்பேடுதான். ஸ்டிக்கைச் சுற்றி விளிம்பில் பதினோரு பென்சில் கோடுகள் இருக்கின்றன; கிட்டக் கிட்ட, இடது பக்கத்திலிருந்து நடு வரைக்கும். தூசி தட்டுகிற நாளில் அதை மட்டும் உங்களிடம் கொடுக்காமல் நானே துடைக்கிறேன், அந்த ஓரத்தில் துணி படாமல்.