ஸ்கேனர் அக்காவும் என் இடது காலும்

சொந்தமாகக் கார் கிடையாது. கார் ஓட்டவும் தெரியாது. அப்படிப்பட்ட ஒருவருக்கு, எங்கள் குடியிருப்பில் நிற்கும் அத்தனை கார்களின் ஸ்டியரிங்குக்கு அடியிலும் கையை விட்டுப் பார்க்கும் அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளரைக் கேட்டேன். "நான் குடுக்கலம்மா. நான் குடிவரும்போதே இப்டித்தான் இருந்துச்சு" என்றார். வாட்ச்மேனைக் கேட்டேன். "அவங்க பாக்காத வண்டிக்கு நான் கேட்டே தொறக்கறதில்ல மேடம்" என்றார், ஏதோ விருது வாங்கியவர் போல.

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே தினமும் எத்தனையோ கார்கள் பிறக்கின்றன. ஆனால் ஒரு கார் தும்முவதற்கு முன்பே அதற்குச் சளி என்று சொல்லக்கூடிய பிறவி இந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஸ்கேனர் அக்கா. அவர் சொல்வது பாதி நேரம் தப்பாக இருக்கும். அது வேறு விஷயம்.

அக்கா மண்ணூர்க்காரர், குடியிருப்பது எங்கள் குடியிருப்பில்தான். ஒரு கார் கம்பெனியில், உற்பத்தி லைனின் கடைசியில் வேலை. செய்து முடித்த வண்டி அவர் முன்னால் வந்து நிற்கும். ஒரு கருவியைச் செருகிப் பார்த்து இவர் ஓகே சொன்னால்தான் வெளியே போகும். அதையே ஒரு பெரிய பதவியாக வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சொந்தக் காசில், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு ஸ்கேனர் கருவி வாங்கிக் கம்பெனி அடையாள அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் அதைச் செருகினால் இன்ஜினின் சூடு, பேட்டரியின் பலம் எல்லாம் ப்ளூடூத் வழியாக அவர் போனில் ஓடும். கோளாறு ஏதாவது இருந்தால் ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களுமாக 'கோடு' என்ற பழுதுக் குறியீடு வரும். கோடு வந்துவிட்டால் அக்காவுக்கு அன்று தீபாவளி.

நாங்கள் பழைய கார் ஒன்று வாங்கியபோதுதான் எனக்கு அவர் அறிமுகம். கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. குருக்கள் கற்பூரத் தட்டோடு வந்தால் ஓட்டுநர் இருக்கையில் தலையைக் கீழே விட்டுக்கொண்டு யாரோ ஒரு பெண்மணி.

"யாரும்மா அது? நகருங்கோ, நேரம் ஆறது."

"இருங்க சாமி. நீங்க வெளிய பாருங்க, நான் உள்ள பாத்துக்கறேன்."

"உள்ள என்ன பாக்கறேள்?"

"இன்ஜின் சூடே ஏறல சாமி. இப்ப எலுமிச்சம்பழத்த நசுக்கினா வேஸ்ட்டு."

குருக்கள் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். சூடு ஏறும் வரை காத்திருந்துதான் நசுக்கினோம்.

மேல்மாடிக்காரர் எலெக்ட்ரிக் கார் வாங்கி வந்த அன்று அக்கா பட்ட பாடு தனி. அதை மோப்பம் பிடிப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்தார். கருவியைச் செருகினார். இன்ஜின் சுற்று என்ற இடத்தில் பூஜ்யம். சூடு என்ற இடம் காலி.

"சார், உங்க வண்டி செத்துப்போச்சி."

"இப்பத்தானம்மா ஓட்டிக்கினு வந்தேன்."

"இன்ஜினே இல்லன்னுது சார். அப்ப எத வச்சி ஓடுது? நம்பிக்கையா?"

அந்த மனிதர் சத்தமே இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அக்கா அது போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆயுத பூஜை அன்று எல்லோரும் வண்டிக்குச் சந்தனம் பூசினால் அக்கா கருவிக்குப் பூசினார். முன்னால் பின்னால் என்று பாராமல், செருகும் ஊசிகளுக்கும் சேர்த்துக் குங்குமம். மறுநாள் எந்த வண்டியில் செருகினாலும் தொடர்பு இல்லை என்று வந்தது. உடனே குடியிருப்பு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு: "நம்ம பில்டிங்ல அல்லா வண்டியும் பேச்ச நிறுத்திக்கிச்சி. யாரும் எடுக்காதீங்க. நான் ஷிப்ட் முட்சிட்டு வந்து பாக்கறேன்." வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டார். அலுவலகம் போக வேண்டியவர்கள் ஆட்டோ தேடி ஓடினார்கள். மாலையில் செயலாளரின் மனைவி பழைய பல்துலக்கும் பிரஷால் குங்குமத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் கார்களுக்கு வாய் திறந்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய் மாட்டினேன்.

வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. மூன்று வயது மகிழினியையும் அங்கேயே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பள்ளி வேன் ஒரகடம் பக்கம் வராது. காலை நேர பஸ்ஸில் குழந்தையோடு ஏறுவது நடக்கிற காரியம் இல்லை. என் கணவருக்கு வாராவாரம் ஷிப்ட் மாறும். ஆக, நானே ஓட்டிப் போனால்தான் வேலை. ஓட்டுநர் உரிமம் இருந்தது. கிளட்ச் இல்லாத வண்டி என்பதால் சுலபம் என்றார்கள். ஆனால் நான் தனியாக எடுத்தால் மட்டும், ஒரகடம் தாண்டுவதற்குள் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் விளக்கு எரியும். அவர் ஓட்டினால் எரியாது. மெக்கானிக் அந்தக் கோடை அழித்துக் கொடுப்பார். நான் எடுப்பேன். மறுபடியும் எரியும். பின்னால் குழந்தை, பக்கத்தில் கன்டெய்னர் லாரி, முன்னால் மஞ்சள் விளக்கு. ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள லைட் எரியாம ஒரு தடவ வாலாஜாபாத் போய்ட்டு வா. முடியலன்னா வேலை வேணாம்னு சொல்லிடலாம். குழந்தைய வச்சுக்கிட்டு ரிஸ்க் எடுக்க முடியாதுல்ல?" என்றார் என் கணவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா கருவியைச் செருகி, கோடை வாய்விட்டுப் படித்தார். "பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒத்துப்போவலன்னு வருது." பிறகு என்னை நிற்கவைத்து விசாரணையை ஆரம்பித்தார். அவர்கள் கம்பெனியில் எந்தப் பழுது வந்தாலும் ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டுமாம். அப்போதுதான் வேர் தெரியுமாம்.

"ஏன் லைட்டு எரியுது?"

"கோடு வந்திருக்குக்கா."

"ஏன் கோடு வந்துச்சி?"

"நான் ஓட்டினதால."

"ஏன் நீ ஓட்ன?"

"வேலைக்குப் போகணும்கா."

"ஏன் வேலைக்குப் போவணும்?"

"படிச்சிருக்கேன்ல."

"படிச்சவங்க அல்லாம் போறாங்களா? ஏன் நீ போவணும்?"

நான் பதில் யோசித்துத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு. "வீட்லயே இருந்தா நான் யாருன்னே எனக்கு மறந்துடும்போல இருக்குக்கா." சொல்லிவிட்டு, கண்ணில் தூசி விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டேன். பார்க்கிங்கில் தூசிக்கா பஞ்சம்?

அக்கா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"அஞ்சி ஏன் ஆயிட்சி. வேரு வந்துட்சி. உடு டீச்சரு, பாத்துக்கலாம்."

அன்றுமுதல் எனக்கு டீச்சர் என்று பெயர். வேலையில் சேரும் முன்பே என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இருக்கிறதே! முதலில் பிரேக் ஸ்விட்ச் பொய் சொல்கிறது என்றார். மாற்றினோம். விளக்கு எரிந்தது. புது ஸ்விட்சும் பொய் சொல்கிறது என்றார். குழந்தை இருக்கையின் கனம் என்றார். டிக்கியில் இருக்கும் மாமியார் வீட்டு அரிசி மூட்டை என்றார். அரிசியை இறக்கினோம். விளக்குக்கு அரிசி பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

கடைசியில், "வண்டி ஓடும்போதே பாக்கணும். நட, நானும் வரேன்" என்று பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். சாலையை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் முழுக்கப் போனில்.

"பிரேக்க எடு."

"மிதிக்கவே இல்லக்கா."

"பிரேக் ஆன்ல கீது. எடுன்றேன்ல?"

"சத்தியமா இல்லக்கா! என் கால் ஆக்சிலேட்டர்லதான் இருக்கு!"

"அப்ப இந்த ஸ்விட்சும் போச்சி. அந்தக் கடக்காரன…"

அவர் கடைக்காரரின் பரம்பரையை விசாரிக்கத் தொடங்கிய நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகம். என் கால் என்று சொன்னேனே, எந்தக் கால்? வண்டியை ஓரம் கட்டினேன். குனிந்து பார்த்தேன். வலது கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. இடது கால், யாரும் கேட்காமலே, பிரேக்கின்மேல் பூப்போல உட்கார்ந்திருந்தது.

நான் பழகியது டிரைவிங் ஸ்கூலின் கிளட்ச் வண்டியில். அங்கே இடது காலுக்கு ஓயாத வேலை. இந்த வண்டியில் அதற்கு வேலை போய்விட்டது. சும்மா இருக்க முடியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று பிரேக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. என் கால்தானே, என்னைப் போலத்தான் இருக்கும்.

"அக்கா, ஸ்விட்ச் இல்லக்கா. நான்தான்."

அக்கா எட்டிப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார். பிறகு லாரிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். "அடிப்பாவி டீச்சரு! நீயே போன்னுற, நீயே நில்லுன்னுற. அது இன்னா பண்ணும் பாவம்? அதான் கத்திக்கினு கீது!" பின் இருக்கையில் மகிழினியும் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் கம்பெனி மூளை வேலை செய்தது. தப்புப் பண்ணாதே என்று சொல்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தப்பே பண்ண முடியாதபடி செய்துவிட வேண்டும். மகிழினி நடந்தால் கீச் கீச் என்று கத்தும் பழைய செருப்பு ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிப்போனார். அதன் அடிப்பாகத்தை வெட்டி, பிரேக் பக்கம் போகாதபடி இடது ஓரத்தில் கால் வைக்கும் இடத்தில் அழுத்தமாக ஒட்டினார். இடது கால் அதன்மேல்தான் இருக்க வேண்டும். எடுத்தால் கீச்.

முதல் நாள் பள்ளிக்குப் போகும் காலை. அதுவரை லைட் எரியாமல் ஒரு தடவைகூட நான் வாலாஜாபாத் போய்ப் பார்த்திருக்கவில்லை. என் கணவருக்குக் காலை ஷிப்ட். "இன்னைக்குப் போய்ட்டு வா. எரிஞ்சா திரும்பிடு. அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறிவிட்டார். அக்கா கருவியை வண்டியிலேயே செருகி விட்டு, பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினார். "ஓகே. போ."

கேட்டைத் தாண்டினேன். கீச். பதறிக் காலை வைத்தேன். கீச். ஒரகடம் சிக்னலில் நின்றபோது கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஹெல்மெட்டும் கம்பெனிச் சீருடையுமாக, ஸ்கூட்டியில் அக்கா.

"இன்னா இவ்ளோ ஸ்பீடு? தள்ளிப் போனா ப்ளூடூத் கட்டாவுது டீச்சரு. மெதுவா போ!"

"நீங்க எங்கக்கா வர்றீங்க? ஷிப்ட்டு?"

"செகண்ட் ஷிப்ட்டு மாத்திக்கினேன், மத்தியானம் போனா போதும். பச்ச உழுந்துட்சி, எடு எடு!"

அதன்பின் நான் ஓட்டியது எனக்கே நினைவில்லை. கண்ணெல்லாம் பின்பக்கக் கண்ணாடியில்தான். ஸ்கூட்டியின் முன்னால் போனை மாட்டிக்கொண்டு, என் வண்டியின் வாலைப் பிடித்ததுபோல் அக்கா வந்துகொண்டிருந்தார். புதுக் கார்களை அடுக்கிய நீளமான லாரி ஒன்று அவரை உரசுவதுபோல் கடந்தது. ஐயோ, பார்த்து வாங்களேன் அக்கா! போனைப் பார்க்காதீர்களேன்! அவருக்காக வேகத்தைக் குறைத்தேன். அவருக்காகச் சிக்னல் போட்டேன். எனக்காகப் பயப்பட நேரமே இருக்கவில்லை. பள்ளி வாசலில் நிறுத்திய பிறகுதான் மஞ்சள் விளக்கின் ஞாபகம் வந்தது. எரியவில்லை. கடைசியாகக் கீச் என்ற சத்தம் எப்போது கேட்டது என்றும் தெரியவில்லை.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே போனைக் காட்டினார். "ஒரு கோடும் இல்ல. பின்னாடி பிரேக் லைட்டும் வேணும்ற எடத்துலதான் எரிஞ்சிச்சி. உள்ள போ டீச்சரு, பெல் அடிக்குது." நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டார்.

இப்போது நான் தினமும் ஓட்டிப் போகிறேன். என் கணவரும் விளக்கைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். விஷயம் என்னவென்றால், செகண்ட் ஷிப்ட் வாரங்களில் அக்கா இன்னமும் பின்னால் வருகிறார். "எனுக்குக் காத்து வாங்கனா மாதிரி ஆச்சி" என்கிறார். அந்தச் சாலையில் எந்தப் புத்தியுள்ளவரும் காற்று வாங்க மாட்டார். லாரிகளுக்கு நடுவே, பார்வை போனில். வராதீர்கள் அக்கா என்று சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் மனம் நோகுமோ என்று விட்டுவிடுகிறேன். நோகாமல் சொல்ல வழி தெரிந்த வாசகர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். ஆனால் ஒன்று. அவருக்கு ஷிப்ட் மாறி, கண்ணாடியில் அந்த ஹெல்மெட் தெரியாத காலைகளில், நான் வாலாஜாபாத் வரைக்கும் வண்டியை மெதுவாகவே ஓட்டுகிறேன், ஒருவேளை பின்னால் வந்துகொண்டிருந்தால் தொடர்பு விட்டுப்போகக் கூடாதே என்று. அதற்கும் சேர்த்து ஒரு வழி சொல்லுங்கள்.