சுவருக்குச் சமாதானம் சொன்னவர்

சுவர்ச்செவியார் வருகிறார் என்றால் தெருவே அடைத்துக்கொள்ளும். முன்னால் அவருடைய வெள்ளை வேன். பின்னால் வீடு விற்க முடியாதவர்கள், வாங்க முடியாதவர்கள், விற்றுவிட்டு அழுகிறவர்கள், வாங்கிவிட்டு அழுகிறவர்கள். இவர்களோடு வீடே இல்லாத ஒரு கும்பலும் மூச்சிரைக்க ஓடும். ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்டால், "எல்லாரும் ஓடுறாங்களே!" என்பார்கள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய காரணம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

அவர் வித்தை ரொம்பச் சுலபம். ஒரு செம்புப் புனலைச் சுவரில் வைப்பார். குழாய் முனையில் காதைக் கொடுப்பார். கண்ணை மூடுவார். சுவர் பேசும், அவர் கேட்பார். நமக்குக் கேட்காது. நமக்கும் கேட்டுவிட்டால் அவர் பிழைப்பு என்னாவது?

"வீடு விக்காம இருக்கறதுக்கு விலை காரணம் இல்ல, நீங்களும் காரணம் இல்ல. வீடு அழுவுது. உங்களப் பிரிய மனசில்லாம ஒரு பொருளக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு இருக்கு" என்பார்.

எந்தப் பொருள் என்பதையும் சுவரே சொல்லிவிடும். ஒரு வீடு தேக்குக் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு வீடு பெரிய டி.வி.யை. வேறொன்று, மேலட்டைகூடப் பிரிக்காத சலவை இயந்திரத்தை. ஓட்டை வாளியையோ கால் உடைந்த நாற்காலியையோ எந்த வீடும் பிடித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. வீடுகளுக்குத்தான் எவ்வளவு நல்ல ரசனை!

பிடிபட்ட பொருளைச் செவியார் வேனில் ஏற்றி, கண் காணாத இடத்துக்குக் கொண்டுபோய் 'ஆற்றுப்படுத்துவார்'. கட்டணம் என்று சல்லிக்காசு வாங்க மாட்டார். "எவ்வளவு பெரிய மனசு!" என்று ஜனங்கள் உருகினார்கள். கட்டில் போன வீட்டுக்காரர் தரையில் படுத்துக்கொண்டு உருகினார்.

இந்தக் கூட்டத்தில் ஒரு தையல்காரியும் அவள் கணவரும் இருந்தார்கள். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்; எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். மாடிப்படி ஏறினால் மாஸ்டரின் முழங்கால் முனகியது. ஆகவே இந்த வீட்டை விற்றுவிட்டுக் குடிபோக, அவள் தையல் கடைக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் இந்த மாதம்வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். இந்த வீடோ விற்கிற வழியாக இல்லை.

பார்க்க வருகிறவர்கள் சிரித்த முகமாக வருவார்கள். மாஸ்டர்தான் சுற்றிக் காட்டுவார். திரும்பும்போது ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. போனால் போனதுதான்.

கவலை இருவரையும் பிடித்து ஆட்டியது. தையல்காரி ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்கு மூன்று கைகள் வைத்துத் தைத்துவிட்டாள். மாஸ்டர் பாடம் நடத்தும்போது, "லெஃப்ட்ல ரைட் திருப்பு" என்றார். பாவம், அந்த மாணவர் உண்மையாகவே முயன்று பார்த்து ஒரு பூந்தொட்டிக் கடைக்குள் போய் நின்றார்.

"செவியாரக் கூப்பிட்டுடலாம்மா. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்றார் மாஸ்டர். அவளுக்கும் யோசிக்கத் தெம்பில்லை. சரி என்றாள்.

செவியார் வந்தார். கூடத்துச் சுவரில் புனலை வைத்தார். கூடத்தில் இருந்ததிலேயே நல்ல பொருள் சோபா. வீடு அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? சோபா வேன் ஏறியது. வீடு விற்கவில்லை.

மறுபடி செவியாரிடம் ஓடினார்கள். அவர் புனலைத் துடைத்தபடியே பெருமூச்சு விட்டார்.

"பின் அறை ஒண்ணு இருக்குல்ல? அது இன்னும் விம்மிக்கிட்டே இருக்கு. நான் ஞாயித்துக்கிழம வந்து கேக்கறேன். ஆனா இங்கேர்ந்தே எனக்கு லேசாக் கேக்குது... தையல் மிஷின்."

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன தடவை அவள் பின் அறையில் தைத்துக்கொண்டிருந்ததை அவர் அறை வாசலில் நின்று பார்த்தது நினைவுக்கு வந்தது.

"அது என் பொழப்புங்க!"

"அதனாலதாம்மா வீடு அத விடமாட்டேங்குது."

வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை நாடகக் கம்பெனியில் அரங்கம் அமைப்பவள். அரண்மனையா, சிறைச்சாலையா, எது வேண்டுமானாலும் துணியிலும் அட்டையிலும் செய்து நிறுத்திவிடுவாள். வந்தவள் கூடத்தில் உட்காரப் போய், உட்கார ஒன்றும் இல்லாததால் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, அவருக்குச் சுவரு பேசறது நெஜமாவே கேக்குதா?"

"தெளிவாக் கேக்குது. நீ கிண்டல் பண்ணாத."

"பண்ணல மாமா. பின் அறையில நான் ஒரு சுவரு வெக்கறேன். மரச்சட்டம், மேல துணி, அதுமேல பெயின்ட். காதுல கேக்கறவருக்கு அது வீட்டுச் சுவரு இல்லன்னு தெரிஞ்சிடும்ல?"

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "வெச்ச நொடியில கண்டுபுடிச்சிடுவாரு! உன் மூஞ்சியிலேயே சொல்லிட்டுப் போவாரு பாரு."

"கண்டுபுடிக்கலேன்னா?"

"கண்டுபுடிக்கலேன்னா... மிஷின் உங்க அக்காவோடவே இருக்கட்டும். நான் வாயத் தொறக்கல."

சனிக்கிழமை மாலை தங்கை ஒரு சுமை வண்டியோடு வந்தாள். பின் அறையின் குறுக்கே சுவர் எழுந்தது. விரிசல், ஈரக்கறை, ஆணி பிடுங்கிய ஓட்டை, குழந்தை கை வைத்த அழுக்கு என்று எல்லாவற்றையும் தீட்டியிருந்தாள். நிஜச் சுவரே பார்த்தால் வெட்கப்படும். அதன் முன்னால் பளபளவென்று இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று. அதுவும் அட்டை. தையல் மெஷினை மட்டும் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின் அறை கொள்ளாத கூட்டம். ஜன்னலில் தலைகள் அடுக்கியிருந்தன. செவியார் உள்ளே நுழைந்தார். மெஷினைத் தேடிய கண்கள் ஃப்ரிட்ஜில் மோதி நின்றன. மெஷின் அந்தக் கணமே அவர் மனதிலிருந்து இறங்கிப்போனது. புனலைச் சுவரில் வைத்தார். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். 'சொல்லுங்க சாமி, இது சுவரே இல்லன்னு சொல்லுங்க' என்று அவர் கண் கெஞ்சியது.

"ஆகா!" என்றார் செவியார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "அறுபது வருஷத் துக்கம்! இந்த வீட்டுலேயே மூத்த சுவரு இதுதான். எத்தன அழுகயப் பாத்திருக்கு! எத்தன மழையத் தாங்கியிருக்கு!"

கூட்டம் மூக்கை உறிஞ்சியது. மாஸ்டரின் நிமிர்ந்த நெஞ்சு மெல்ல இறங்கியது.

"அது எதங்க புடிச்சிருக்கு?" என்று கேட்டாள் தையல்காரி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. துக்கம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"மிஷின்னு நெனச்சேன். இல்ல. இந்த ஃப்ரிட்ஜ். கிட்டப் போகாதீங்க, கோவத்துல இருக்கு. நம்ம ஆளுங்க தூக்குவாங்க."

வேனில் வந்த இரண்டு தடியர்கள் முன்வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள். பல்லைக் கடித்து, தம் கட்டி, "ஏய்... தூக்கு!" என்று முழு பலத்தையும் போட்டார்கள். ஃப்ரிட்ஜ் தலையணை மாதிரி பறந்தது. கூரையில் முட்டி ஒரு பெண்மணியின் மடியில் போய் விழுந்தது. தடியர்கள் இருவரும் மல்லாக்கச் சாய்ந்து சுவரில் மோதினார்கள். அறுபது வருஷம் மழையைத் தாங்கிய சுவர் ஒரு முனகலோடு அப்படியே செவியார்மேல் படுத்தது. துணி கிழிந்தது. ஈரக்கறையின் நடுவிலிருந்து செவியாரின் தலை வெளியே வந்தது. காதில் புனல் மாட்டிக்கொண்டிருந்தது.

"இந்தச் சுவருக்கு வயசு நேத்து சாயங்காலத்துலேர்ந்துங்க. நான்தான் பெத்தேன்" என்றாள் தங்கை.

செவியார் சுலபத்தில் விடுகிறவர் இல்லை. "அட்டைக்கும் ஆத்மா உண்டு! அந்த மரம் அழுதுச்சு!"

"நீங்க காது வெச்சது மரத்துல இல்ல, துணியில."

"பருத்திச் செடியும் உசுருதானே?"

"இது நைலான்."

முதலில் சிரித்தது ஜன்னலில் இருந்த ஒரு தலை. பிறகு அறையே குலுங்கியது. சிரிப்பு அடங்கும்போதுதான் ஒருவருக்கு உறைத்தது. "டேய், அப்ப என் கட்டிலு எங்கடா?" தடியர்களில் ஒருவன் பயத்தில் உளறிவிட்டான். ஊர்க்கோடியில் பழைய சாமான் கடை. செவியாரின் மச்சான் கடை. ஆற்றுப்படுத்திய பொருளெல்லாம் அங்கே விலை ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறதாம். கூட்டம் ஓடியது. அவர்கள் ஒரு காரணத்தோடு ஓடியது அதுதான் முதல் தடவை. செவியாரையும் சுவரோடு சேர்த்தே தூக்கிக்கொண்டு போனார்கள், கழற்ற நேரமில்லை.

வீடு காலியானதும் மாஸ்டர் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வீடு பாக்க வர்றவங்ககிட்ட நீங்க என்ன சொல்றீங்க?"

"இருக்கறதச் சொல்றேன்."

"'மாடிக் கதவு நான் தோளால இடிச்சாத்தான் தொறக்கும், உங்களுக்குத் தொறக்காது'ன்னு சொல்றீங்க. பொண்ணு உயரத்துக்குக் கோடு போட்ட எடத்துல பெயின்ட் அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்றீங்க. போன வாரம் வந்தவங்களக் குளியலறையில நிக்க வெச்சுப் பாட்டே பாடிக் காட்டினீங்க."

"அங்கதானே எனக்கு நல்லா பாட வரும்..." என்றவர் நிறுத்திக்கொண்டார். "வீட்டுக்கு என்னப் பிரிய மனசில்லன்னு அவரு சொன்னப்ப, எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?" என்றார். தோள் குலுங்கியது.

"எனக்கு மட்டும் வலிக்கலியா? மூணு கை வெச்சுத் தச்சவ நான்" என்று அவளும் அழுதாள். இருவரும் ஆசைதீர அழுது முடித்தார்கள். எந்தச் சுவரும் குறுக்கே பேசவில்லை.

அடுத்த முறை ஆட்கள் வந்தபோது மாஸ்டர் தாமாகவே வெளியே கிளம்பிப் போனார். தையல்காரி சுற்றிக் காட்டினாள். பாட்டு இல்லை, சத்தியம் இல்லை. வந்தவர்களுக்கு வீடு பிடித்துப்போனது. மாதம் முடியுமுன் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். முதல் வாரம் மாஸ்டர் இல்லாத மாடிப்படியைத் தேடித் தேடி நின்றார். பிறகு முழங்கால் அவரைச் சமாதானப்படுத்திவிட்டது.

ஒருநாள் தையல் கடை வாசலில் ஜனங்கள் திமுதிமுவென்று ஓடினார்கள். கட்டிலைப் பறிகொடுத்து மீட்டவரும் அதில் இருந்தார்.

"எங்கங்க ஓடுறீங்க?" என்றாள் தையல்காரி.

"கூரைக்கண்ணார் வந்திருக்காரும்மா! இவரு அந்தாளு மாதிரி இல்ல, சுவரத் தொடவே மாட்டாரு. கூரையப் பாத்தே சொல்லிடுவாராம்!"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"செங்கல்லு என்ன சொல்லுது, கூரை என்ன சொல்லுதுன்னு ஊரெல்லாம் ஓடி ஓடிக் கேக்கறீங்களே, உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு சும்மாவே ஒக்காந்திருக்கு. அது என்ன சொல்லுதுன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"