காரின் முன்மூடியில் மாமனார்

குரும்பலூர்,
ஆடி அமாவாசைக்கு முதல் நாள்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பிரசாத் அவர்களுக்கு, மாமனார் அய்யம்பெருமாள் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை செல்வம்மாளும் நலம், உங்கள் காரும் நலம். புனேயில் நீங்களும் என் மகள் ஜெயசித்ராவும் குறைவில்லாமல் இருக்க நம்ம மதுரகாளியம்மன் துணையிருப்பாள். காரும் நலம் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. அதனால் நடந்ததை முழுவதும் எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீங்கள் "ஐயோ" என்பீர்கள், எனக்கு அதற்கு மேல் வாய் வராது.

சென்னை வீட்டில் புறா எச்சம் போட்டுக் காரைக் கெடுக்கிறது என்றுதானே, புனே போகும் முன் எங்களிடம் கொண்டுவந்து விட்டீர்கள். "மாமா, உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சாவியை என் கையில் வைத்தீர்கள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. தெருவில் நிறுத்தினால் மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டர் உரசிவிடும் என்று வாசலுக்குள்ளேயே, மதில் ஓரம் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். உங்கள் அத்தை தினமும் காக்கைக்குச் சோறு வைப்பது அதே மதிலில்தான் என்பது எனக்கு மறந்துபோனது. முப்பத்தைந்து வருடமாக அந்தச் சோறு வைத்த பிறகுதான் நான் சாப்பிடுகிறேன், அதெப்படி மறந்தது என்று கேட்காதீர்கள்.

அதில் ஒரு நொண்டிக் காக்கை. சோற்றைத் தின்றுவிட்டு நேராகக் காரின் முன்மூடியில் இறங்கும், இளைப்பாறும், எச்சம் போடும். கம்பை எடுத்தேன். "யார வெரட்டுறீங்க? அது எங்கப்பா!" என்று உங்கள் அத்தை ஓடி வந்தாள். கீழப்பழுவூர் மாமனாருக்கும் கடைசிக் காலத்தில் இடது கால் இழுத்துக்கொண்டுதான் இருந்தது, அதை நான் மறுக்க முடியாது. உயிரோடு இருந்தபோதே இந்த வீட்டில் அவருக்கு எதிரே நான் உட்கார்ந்தது கிடையாது. கம்பைக் கீழே போட்டுவிட்டேன்.

எச்சம் வெயிலில் காய்ந்துவிட்டது. கழுவினேன், வெள்ளை போனது, ஆனால் மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒரு வெளிறிய தடம் போகவில்லை. உங்கள் அத்தை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் எப்படிப் பளபளக்கிறது! அதே புளி, அதே நார், கைவலிக்கத் தேய்த்தேன் மாப்பிள்ளை. மொச்சைக் கொட்டை சாப்பாட்டுத் தட்டு ஆகிவிட்டது, தட்டு முழுக்கக் கோடு. பதறிப்போய் அதன்மேல் தேங்காயெண்ணெய் தடவினேன். ஒரு மணி நேரம் ஜோராகத்தான் இருந்தது, சாயங்காலத்துக்குள் தெருப் புழுதி பூராவும் வந்து அதில் ஒட்டிக்கொண்டது.

வேறு வழியில்லாமல் பெரம்பலூரில் பெயிண்ட் வேலை பார்க்கும் கொளஞ்சியிடம் கொண்டுபோனேன். அவர் குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார். "என்னங்கய்யா, புளி வாசம் அடிக்குது?" என்றார். சொன்னேன். "எச்சம் விழுந்த உடனே ஈரத்துணிய மேல போட்டு, பத்து நிமிஷம் ஊற வுட்டு, தேய்க்காம எடுக்கணும். காஞ்சிருச்சுன்னா பெயிண்ட்டயே தின்னுடும். இதுல காக்கா போட்டது ஒரே ஒரு புள்ளிங்க, மிச்சம் பூரா நீங்க போட்டது" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆனாலும் கைகாரர். தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பர் என்ற மெல்லிய உப்புத்தாளால் மெல்ல இழைத்து, காம்பவுண்ட் பசை தடவித் தேய்க்கிற மெஷினை ஓட்டி, மேலே பாலிஷும் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது அதில் முகம் பார்த்து மீசை கத்தரிக்கலாம். வெள்ளிக் கலரில் ஒரு கவர் வாங்கி மூடிவிட்டேன். காக்கைச் சோற்றையும் கொல்லைப்பக்கம் மாற்றியாயிற்று. இனி ஒரு குறையும் வராது, நீங்கள் மாதக் கடைசியில் தாராளமாக வந்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றிவிட்டேன் என்று இன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நீங்களும் ஜெயசித்ராவும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
அய்யம்பெருமாள்.

பி.கு.: இன்று அமாவாசை. கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. வடை பாயசத்தோடு கொல்லையில் இலை போட்டோம், மாமனார் வரவில்லை. மணி இரண்டு. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு எனக்குக் கை நடுங்குகிறது. "எங்கப்பா கோவிச்சுக்கிட்டாரு" என்று உங்கள் அத்தை அழுகிறாள். இலையை மதிலுக்கே கொண்டுபோனோம். அவர் வேப்பமரத்தில்தான் இருந்தார், கவர் காற்றில் படபடத்ததில் பயந்து இறங்கவில்லை. நானே கவரை உருவினேன். "மாமா, வாங்க மாமா" என்று நானே கூப்பிட்டேன். வந்தார், சாப்பிட்டார், நாங்களும் சாப்பிட்டோம். பிறகு அவர் வழக்கம்போல் முன்மூடியில் இறங்கி, செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஈரத்துணியும் கையுமாக ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன், அவர் எழுந்திருக்கவில்லை. விருந்துக்கு வந்த மாமனாரை எழுந்து போகச் சொல்ல முடியுமா? நீங்களும் ஒரு மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள். கொளஞ்சி திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒரு வாரம் தள்ளி வாருங்கள்.