அம்புக்குறியும் கடலடிச் சேறும்

சுங்குவார்சத்திரத்தில் ஏதாவது ஒரு பொருள் தலைகீழாக இருந்தால், அம்புக்குறி அன்று ஊரில் இல்லை என்று பொருள். அவர் இருந்த நாட்களில் எங்கள் லாட்ஜில் ஒரு செருப்புகூடக் கவிழ்ந்து கிடந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு நாளிதழுக்கு அந்த வட்டாரச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். லாரி கவிழ்ந்தது, ஏரிக்கரை உடைந்தது, ஒரகடம் பக்கம் புதிதாக ஒரு ஷெட் முளைத்தது. அவ்வளவுதான் செய்தி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பத்து அறை லாட்ஜில் எனக்கு ஆறாம் நம்பர். ஏழாம் நம்பருக்கு ஓர் ஆவணி மாதக் கடைசியில் அவர் வந்து சேர்ந்தார். ஒல்லியான உடம்பு, ஐம்பதைத் தொட்ட வயது. எல்லோரும் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் ஒரு சிவப்பு மெழுகுப் பென்சில் வைத்திருந்தார்.

முதல் நாள் தண்ணீர்க் கூஜாவில் மேல்நோக்கி ஒரு சிவப்பு அம்பு தென்பட்டது. இரண்டாம் நாள் தலையணையில். மூன்றாம் நாள் குளியலறைச் சோப்பில் அம்பைப் பார்த்ததும் லாட்ஜ் முதலாளி மாடியேறி வந்துவிட்டார்.

"இன்னா சார் இது? கூஜாவுக்கு மேல் எது, கீழ் எதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். கூஜாவுக்குத் தெரியணுமே" என்றார் அவர்.

அன்று மாலையே அவருக்கு அம்புக்குறி என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் லாட்ஜ் நோட்டில் இருந்தது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அவருடைய வேலை என்ன என்பது டீக்கடை பெஞ்சில் மெல்ல மெல்ல வெளிவந்தது. ஆராய்ச்சிக் கப்பலில் அவர் ஒரு டெக்னீஷியன். நடுக்கடலில் கப்பலை நிறுத்தி, தலையில் ஈயக்கட்டிகள் மாட்டிய நீளமான இரும்புக் குழாயைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். அது கடலடியில் செங்குத்தாகக் குத்தி நிற்கும். பிறகு இரண்டு மணி நேரம் இழுத்தால், குழாய் நிறையச் சேறு மேலே வரும்.

"சேத்துக்காகவா கப்பல் போவுது?" என்றார் டீக்கடைக்காரர். "நம்ம ஏரியில இல்லாத சேறா?"

"அது சும்மா சேறு இல்லய்யா. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க கடல்ல வாழுது. தண்ணி சூடா இருந்தா ஒரு ஜாதிப் பூச்சி, குளிரா இருந்தா வேற ஜாதி. செத்ததும் அதோட ஓடு அடியில போய்ப் படியும். நடுக்கடல்ல ஒரு விரல் கனம் படியறதுக்கே ஆயிரம் வருஷம் பக்கமா ஆகும். அப்படின்னா நாலு மீட்டர் குழாய்ல எத்தனை காலத்து மழை, எத்தனை காலத்து வெயில் அடுக்கி இருக்கும்? மேல இருக்கிறது புதுசு, கீழ இருக்கிறது பழசு. குழாயை மாத்திப் பிடிச்சுப் படிச்சா என்ன ஆகும்?"

"இன்னா ஆவும்?"

"தாத்தன் பேரனுக்குப் பேரனாயிடுவான்."

அது நடந்தும் இருக்கிறது. அவர் வேலையில் சேர்ந்த புதிதில், வெட்டி வைத்த ஒரு துண்டுச் சேற்றுக் குழாய் கப்பல் ஆட்டத்தில் உருண்டு போய்விட்டது. எந்த முனை மேல் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அத்தனை பாடுபட்டு எடுத்ததைத் திரும்பக் கடலிலேயே கொட்டினார்கள். கரையேறியதும் வாங்கியதுதான் அந்தச் சிவப்புப் பென்சில்.

அவரை இந்த ஊருக்கு இழுத்து வந்தது வேறொரு கஷ்டம். கடந்த பயணத்தில் அவருடைய குழாய் மூன்று முறை இறங்கி, மூன்று முறையும் வெறுமையாக ஏறி வந்தது. கடலடியில் நிறைந்த சேறு வரும் வழியில் வழுக்கிப் போய்விட்டது. குழாயின் வாயில் ஒரு வளையம் உண்டு. அதில் பூவிதழ் போல மெல்லிய எஃகுத் தகடுகள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். சேற்றை உள்ளே விட வேண்டும், வெளியே விடக் கூடாது. அந்தத் தகடுகள் வளைந்துபோய் வாயைத் திறந்துவிட்டன. தலைமை விஞ்ஞானி அடுத்த பயணத்தில் அவருக்கு ஒரே ஒரு வாய்ப்புத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவும் வெறுமையாக வந்தால் கப்பலை மறந்துவிட்டுக் கரையில் ஸ்டோர் ரூம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். விஜயதசமி அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்புகிறது.

ஸ்பிரிங் தகட்டைச் சரியான பதத்துக்குக் காய்ச்சத் தெரிந்தவர் என்று யாரோ கைகாட்டியவர்தான் மாசிலாமணி. பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஷெட். ஒரு லேத், ஒரு பிரஸ், மூன்று ஆட்கள். லாரிகளுக்குத் தகடு செய்து கொடுப்பவர். காலையில் கழனி, பிறகு ஷெட் என்று இரண்டையும் பார்த்துக்கொள்ளும் குடும்பம்.

மாசிலாமணி ஏழு வளையங்கள் செய்தார். ஏழையும் அம்புக்குறி தள்ளிவிட்டார். சோதனை எளிமையானது. கடலடிச் சேற்றின் பதத்துக்கு நெருங்கிய பொருள் கேழ்வரகுக் களிதான் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். மாசிலாமணியின் மனைவி தினமும் ஒரு குண்டான் களி கிண்டி அனுப்புவார். அதில் வளையத்தைக் குத்தி உயர்த்தி, களி வழுக்குகிறதா என்று அம்புக்குறி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான்காம் நாள் அந்த அம்மாள் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, களி எப்டி கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே?"

"கொஞ்சம் இளக்கமா இருக்கும்மா. வங்காள விரிகுடாவுக்குச் சரி. நான் போறது அரபிக் கடல்."

எட்டாவது வளையத்தில் களி நின்றது. கால் மணி நேரம், அரை மணி நேரம். மாசிலாமணி மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் நின்றது. அம்புக்குறி உளியால் வளையத்தின் விளிம்பில் ஓர் அம்பைக் கொத்தச் சொன்னார். தண்ணீரில் அழியக் கூடாதாம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் முழுக் குழாயோடு ஏரியில் ஒத்திகை. தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் முழங்கால் அளவு இருந்தது. மூன்று சவுக்குக் கழிகளைக் கட்டி நிறுத்தி, சங்கிலிக் கப்பியில் குழாயைத் தொங்கவிட்டார்கள். எருமை மேய்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா என்ற பெண்மணி குச்சியோடு சேற்றில் இறங்கி வந்தார். ஏரிக்குக் கீழே அவருக்கு நிலம் இருந்தது.

"யோவ், இன்னா பண்றீங்க? ஏரியில ஓட்ட போட்டா தண்ணி பூரா பாதாளத்துக்குப் பூடாதா? அப்பால என் நாத்துக்கு நீயா வந்து தண்ணி ஊத்துவ?"

"ஓட்டையை அடைச்சிட்டுத்தாம்மா போவேன்."

"எத்த வெச்சி?"

"இதே சேத்தாலதான்."

"அதத்தான் நீ எடுத்துகினு போறியே!"

கடலடி ஆராய்ச்சியில் இத்தனை காலம் யாரும் கேட்காத கேள்வி. அம்புக்குறி கரையிலிருந்து இரண்டு கூடை களிமண் சுமந்து வந்து தருவதாக ஒப்புக்கொண்டார். கன்னியம்மா சமாதானமாகி, குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"அட, மீன்கூடு! உள்ள போனது வெளிய வராது. இதுக்கா இம்மா நாளு?"

குழாய் இறங்கியது. ஏறியது. ஒரு துளி சிந்தவில்லை. இரண்டு மீட்டர் ஏரிச் சேறு அப்படியே வந்தது. குழாயின் இரு முனைகளையும் மூடி, ஐந்து இடங்களில் அம்பு போட்டார். தலைமை விஞ்ஞானியிடம் சாட்சியாகக் காட்டப்போகிறாராம். பிறகு வாக்குக் கொடுத்தபடி இரண்டு கூடை மண் சுமந்து ஓட்டையை மிதித்து அடைத்து, அங்கே ஒரு குச்சியை நட்டார். அதிலும் ஓர் அம்பு. குழாயை மாசிலாமணியின் ஷெட்டில் விட்டுவிட்டு, கப்பல் காகிதங்களில் கையெழுத்துப் போட அன்று மாலையே சென்னைக்கு பஸ் ஏறிவிட்டார்.

விஜயதசமிக் காலையில் லாரியோடு திரும்பி வந்தார். நானும் ஷெட்டில் இருந்தேன். லேத், பிரஸ், ஆணிப் பெட்டி எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். நடுவில் மூன்று ஸ்டூல்கள் மேல் அவருடைய குழாய், தலையிலிருந்து வாய்வரை சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, மாப்பிள்ளை போலப் படுத்திருந்தது.

மாசிலாமணியின் முகத்தில் பெருமை. "ஒரு பொட்டு அழுக்கு இல்ல சார். மண்ணெண்ண ஊத்தி, துணி வெச்சி இழுத்து, எண்ண போட்டுட்டேன். பூஜையில அழுக்கோட வெக்கலாமா?"

"உள்ள இருந்தது?"

"சேறு சார். முழுசும் எடுத்துட்டேன். லேசுல வரல. உங்க வளையம் விடவே மாட்டேன்னுது."

அம்புக்குறி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் கொடுத்த டீ ஆடை கட்டும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணியின் பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பிறகு அம்புக்குறி தலை நிமிர்ந்தார்.

"விடலையா?"

"வுடல சார். திருகெல்லாம் கழட்டி, வளையத்த வெளிய எடுத்துட்டுத்தான் சேத்தத் தள்னேன். அப்பால நானே மாட்டிட்டேன்."

"அப்ப சரி" என்று எழுந்தார். "ஏத்துங்க."

குழாயின் வாயைச் சாக்கில் சுற்றி, மாலையோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மாசிலாமணி எனக்குப் பொரி கடலை அள்ளிக் கொடுத்தார். தானும் ஒரு வாய் போட்டார். மெல்லுவது பாதியில் நின்றது.

"சார், அந்த அம்பு…"

"எந்த அம்பு?"

"வளையத்துல கொத்துனது. நான் சந்தனம் பூசி வெச்சிட்டு அப்பாலதான் மாட்டினேன். அம்பு சந்தனத்துல மூடிகினு இருந்துது. பூஜை அவசரத்துல எந்தப் பக்கம் மேலன்னு நான் பாக்கவே இல்ல சார்."

தலைகீழாக மாட்டியிருந்தால் தகடுகள் வெளிநோக்கி நிற்கும். சேறு வெளியே வழுக்குவது இருக்கட்டும், உள்ளேயே போகாது. மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டினார். அடுத்த பஸ்ஸைப் பிடித்து நாங்கள் இருவரும் சென்னைக்குப் போனோம்.

துறைமுக வாசலில் காவலர் பாஸ் கேட்டார். என் பத்திரிகை அடையாள அட்டையைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா அவசரம்?" என்றார்.

"கப்பல்ல ஒரு வளையம் கீது சார்" என்றார் மாசிலாமணி. "அது தலைகீழா கீதா, நேரா கீதான்னு பாக்கணும்."

காவலர் எங்கள் இருவரையும் நிதானமாகப் பார்த்தார். "வெயில் ஜாஸ்தி. ரெண்டு பேரும் அப்டி நெழல்ல போயி குந்துங்க."

நிழலில் உட்கார்ந்திருந்தபோது சங்கு ஊதியது. அது எந்தக் கப்பலின் சங்கு என்று காவலரே பெரிய மனசு பண்ணிச் சொன்னார்.

அதன் பிறகு ஷெட்டில் நான் பார்த்த மாசிலாமணி வேறு ஆள். லாரித் தகடுகளில் அம்பு கொத்தினார். எண்ணெய் டின்னில், கதவில், தன் சாப்பாட்டுத் தூக்கில் எல்லாம் கொத்தினார். "ஒரு மனுசன் பொழப்ப சந்தனத்தப் பூசிக் கெடுத்துட்டனே சார்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். வீட்டில் களி கிண்டினால் எழுந்து போய்விடுவாராம். மழை தொடங்கி ஏரி நிரம்பியது. கன்னியம்மா ஒரு நாள் ஷெட் வாசலில் எருமையை நிறுத்திவிட்டுச் சொல்லிப் போனார்: "ஓட்ட ஒழுவுல. அந்தாளு வந்தா சொல்லு."

கார்த்திகையில் ஒரு மழை நாள் மத்தியானம், காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து குடையோடு அம்புக்குறி இறங்கினார். நேராக ஷெட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மாசிலாமணி லேத்தை நிறுத்திவிட்டார்.

"வந்துது" என்றார் அம்புக்குறி. "நாலு மீட்டர். ஒரு துளி சிந்தல. அடுத்த பயணத்துக்கும் என் பேரைப் போட்டுட்டாங்க."

"சார், அந்த வளையம்?"

"அதுக்கென்ன?"

"சரியா மாட்டி இருந்துதா?"

"நீங்க மாட்டினபடியே கடல்ல இறங்குச்சு, மாசிலாமணி."

மாசிலாமணி துணியால் கையைத் துடைத்தார். பிறகு அதே துணியால் முகத்தைத் துடைத்தார். முகமெல்லாம் எண்ணெய். "டேய், மூணு டீ சொல்லுங்கடா!" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினார். அந்தக் குரல் ஸ்ரீபெரும்புதூரில் கேட்டிருக்கும்.

அம்புக்குறி பையிலிருந்து தன் வேலைக் குறிப்பேட்டை எடுத்து, குழாய் இறங்கிய பக்கத்தைக் காட்டினார். ஆழம், நேரம், சேற்றின் நீளம் எல்லாம் ஆங்கிலத்தில். மாசிலாமணிக்கு ஆங்கிலம் தெரியாது. கோயில் சுவர்க் கல்வெட்டைப் பார்ப்பது போல மரியாதையோடு பார்த்தார். பக்கத்தின் நடுவே ஒரு வரியை மட்டும் அம்புக்குறியின் கட்டை விரல் மறைத்துக்கொண்டிருந்தது. டீ வந்தது. கிளாஸை வாங்க விரல் விலகியது. பிறர் எழுதியதைத் தலைகீழாகப் படிப்பது என் தொழிலில் பழகிய வித்தை. எதிர்ப்பக்கம் நின்றபடி நான் படித்தேன்.

"வளையம் தலைகீழாக இருந்தது. சந்தனத்தைத் துடைத்து, திருப்பி மாட்டினேன். குழாயில் இருந்த குங்குமப் பொட்டை அழிக்கவில்லை."

நான் படித்ததை அவர் பார்த்துவிட்டார். குறிப்பேட்டை மூடி, சிவப்புப் பென்சிலை எடுத்து, எனக்கு வந்த டீ கிளாஸில் மெதுவாக ஓர் அம்பு போட்டுக் கையில் கொடுத்தார்.

மாசிலாமணி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மேல் எது, கீழ் எது என்பதை வாழ்நாள் முழுவதும் பிசகாமல் குறித்து வைத்த அந்த மனிதர், எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான் ஒன்றை மாற்றிச் சொன்னார்.