மலிவாக ஒரு பியர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. ஆண்டவர் இவர்களைப் படைத்த கையோடு ஏழாம் நாள் ஓய்வுக்குப் போனதற்குக் காரணம் களைப்பல்ல; "இந்தக் களிமண்ணை எந்தக் கடையில் வாங்கினீர்?" என்ற கேள்விக்குப் பயந்துதான். இவர்கள் நோயாளியைப் பார்க்க வந்தால் கட்டிலருகே இருக்கும் தோடம்பழத்தைத்தான் முதலில் நலம் விசாரிப்பார்கள். செத்த வீட்டுக்கு வந்தால் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். ஏன், அழுவதற்கா வந்தார்கள்?

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலெர்மோ நகரில் இந்த இனத்தின் தலைமகனாக விளங்கியவர் மன்னார் ஜோக்கிம். பகலில் ஒரு வக்கீல் வீட்டில் துப்புரவு வேலை, மிச்ச நேரமெல்லாம் மலிவு வேட்டை. அந்த வருடம் வைகாசியில் மகள் யூலியானாவுக்குக் கோயிலில் முதல் நன்மை வாங்கும் சடங்கு. ஊர்ச்சனம் முழுவதையும் விருந்துக்கு அழைத்தாகிவிட்டது. பியர் வேண்டும். கடையில் விலையைக் கேட்ட ஜோக்கிம், அதை வீட்டிலேயே காய்ச்சுவதென்று தீர்மானித்தார்.

அதற்கான சாமான்கள் அத்தனையும் ஒரே தகரத்தில் அடைத்து விற்கும் கடையொன்று இருந்தது. ஜோக்கிம் அங்கேயும் போனார். தகரத்துக்கும் சேர்த்தல்லவா காசு வாங்குகிறான் என்று சினந்து வெளியே வந்தார்.

பார்லி, நகரின் கோடியில் பிரான்காச்சோவில் குதிரைத்தீவனம் விற்பவனிடம் மலிவு என்று கேள்விப்பட்டார். மூட்டையாக எடுத்தால் இன்னும் மலிவு. எத்தனை குதிரை என்று கடைக்காரன் கேட்க, விலைக்கழிவு போய்விடும் என்ற பயத்தில் நாலு என்றார். மூட்டையின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் ஏறி இறங்கியவர் மனைவி அகஸ்ரீனா. அவர் வேலைசெய்யும் எசமானி சிஞ்ஞோரா வீட்டில் ஓய்வென்று கிடைப்பதே வியாழன் பின்னேரம் ஒன்றுதான்.

"பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை பாக்கப் போவம் எண்டெல்லோ சொன்னனீங்கள்," என்றார் அகஸ்ரீனா, பஸ்ஸில் மூட்டைமேல் இருந்தபடி.

"மலிவான சாமானை ஆரும் வாங்கலாம். சாமானை மலிவா வாங்கிறதுதான் கெட்டித்தனம்," என்றார் ஜோக்கிம்.



பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் ஹொப் பூ, வுச்சீரியாச் சந்தையில் மூலிகை விற்கும் கிழவியிடம் கிடைத்தது. அங்கே அது நித்திரை வராதவர்கள் அவித்துக் குடிக்கும் மருந்து. மூன்று கிழமை கண்மூடாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு ஜோக்கிம் பேரம் பேச, கிழவி மனமிரங்கி இரண்டாவது பையை அரை விலைக்குக் கொடுத்தாள். அவர் நாலு பை வாங்கினார். தேவை ஒரு கைப்பிடி. அரை விலை என்றபின் தேவை என்ன தேவை? புளிக்கவைக்கும் ஈஸ்ற் வாங்கப் பேக்கரிக்குப் போனார். பாண் ஈஸ்ற்றைத்தான் இத்தாலியர் பியர் ஈஸ்ற் என்பார்கள். பெயரே சாட்சி சொல்லும்போது வேறென்ன வேண்டும்?

பார்லியை முளைகட்டக் குளியல்தொட்டி பிடிபட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் நகரம் அது. வந்த தண்ணீரையெல்லாம் பார்லி குடித்தது. தாயும் மகளும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, மேல்மாடியில் இருக்கும் மொரிஷியஸ்காரர் ஃப்ரான்சுவா வீட்டுக்குக் குளிக்கப் போனார்கள். ஐந்தாம் நாள் அவர் மனைவி மரி-ஃப்ரான்ஸ், எதுவும் கேட்காமல், இருவருக்கும் தனியாக ஒரு சவர்க்காரம் எடுத்து வைத்தாள். அன்று அகஸ்ரீனா தலையைக்கூடத் துவட்டாமல் படியிறங்கி வந்தார். ஜோக்கிமுக்கு ஒரு சவர்க்காரம் மிச்சம்.

விருந்து நாள் வந்தது. நாலு பை ஹொப்பும் போட்டுக் காய்ச்சிய பியரை, கோயில் மண்டபத்தில் ஜோக்கிம் தன் கையாலேயே பரிமாறினார். தமிழர் சங்கத் தலைவர் இராஜநாயகம் ஒரு வாய் குடித்து, கிளாஸை மெதுவாக வைத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தார். பங்குத்தந்தை உதட்டை நனைத்து, உடலை ஒறுக்கும் தவக்காலம் முடிந்துவிட்டதை அன்போடு நினைவூட்டினார். அயலவர் என்ற கடமைக்காக இரண்டு கிளாஸ் குடித்த ஃப்ரான்சுவா, சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார்.

மேசையெங்கும் கிளாஸ்கள் நிரம்பியபடி நின்றன. கதை பேச்சு அடங்கிவிட்டது. இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டையோடு யூலியானா அந்தக் கிளாஸ்களைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்க்காமல் கவனமாக வேறெங்கோ பார்த்தாள். ஜோக்கிம் வாழ்க்கையில் முதல்தடவையாக, எந்தக் கடைக்காரனையும் குறைசொல்ல முடியாமல் நின்றார்.

அப்போது அகஸ்ரீனாவும் மரி-ஃப்ரான்ஸும் குசினிக்குள்ளிருந்து இரண்டு பெரிய கண்ணாடிக் குடுவைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெருமுனைக் கடையில் பீப்பாயிலிருந்து ஊற்றிய சிவப்பு வைன். முதல்நாளே வாங்கி ஒளித்து வைத்தது. அகஸ்ரீனா எல்லாருக்கும் ஊற்றினார். மண்டபத்துக்கு மறுபடி உயிர் வந்தது. யாரோ பாடத் தொடங்கினார்கள். கடைசி கிளாஸைக் கணவரின் கையில் வைத்தார்.

ஜோக்கிம் குடித்தார். நல்ல வைன். கண் கலங்கிற்று. மனைவியின் கையைப் பிடித்தார். திருமணமான பதினொரு வருடத்தில் சொல்லாத ஏதோவொன்று அவர் வாயில் வந்து நின்றது. அகஸ்ரீனாவும் காத்திருந்தார்.

"லீற்றர் என்ன விலைக்கு எடுத்தனீர்?" என்றார் ஜோக்கிம்.

அகஸ்ரீனா சொன்னார்.

"உம்மை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள்."

நீங்கள் இப்படிப்பட்டவரல்ல, தெரியும். ஆனால் அகஸ்ரீனா சொன்ன விலை இங்கே ஏன் எழுதப்படவில்லை என்று உங்களுக்கு இலேசாக அரித்தால், அதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.