ஏழாம் நம்பர் ஹெலிகாப்டர்

"ஏங்க, ஸ்டிக்கர் வருது! ஆனா கூடவே பெயின்ட்டும் வருதே!"

மனைவி போட்ட கூச்சலில் காத்தாடியார் போனைக்கூட வைக்காமல் ஷெட்டுக்குள் ஓடினார். ஹெலிகாப்டர் கதவில் பெரிய கம்பெனியின் பெயர் இருந்த இடம் சொட்டை விழுந்து கிடந்தது. உரிந்த பெயர் முழுசும் மனைவி கையிலிருந்த ஸ்டிக்கரின் பின்பக்கம் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"போச்சு! அரை மணி நேரத்துல கம்பெனி ஆபீசர் வர்றார். நேர்ல பேசியே ஆகணுமாம்!"

ஹெலிகாப்டர் என்னவோ காத்தாடியாருடையதுதான். வீட்டை விற்று வாங்கியது. ஷெட்டுக்கு மேலே இரண்டு ரூமில்தான் குடித்தனம். ஆனால் பறக்கவிட லைசென்ஸ் வேண்டுமே! சொந்தமாக ஒன்று வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும் என்றார்கள். அதனால் பெரிய கம்பெனியின் லைசென்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தார். கதவில் அவர்கள் பெயர், பைலட்டுக்கு அவர்கள் சட்டை, போனை எடுத்தால் அவர்கள் பெயரைச் சொல்லித்தான் வணக்கம். மீறினால் லைசென்ஸ் கிடையாது. அப்புறம் இறக்கையில் துணிதான் காயப்போட வேண்டும்.

வாலில் ஏழு என்று நம்பர் போட்டதும் அவர்கள்தான். மற்ற ஆறையும் காத்தாடியார் பார்த்ததே இல்லை. எப்போது கேட்டாலும் "வேலைக்குப் போயிருக்கு" என்பார்கள். எவ்வளவு பெரிய கம்பெனி என்று அவருக்கு அப்படியே புல்லரிக்கும்.

இன்றைய வினையைக் கிளப்பியவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். நேற்று விருந்தாளியாக வந்தவர், கதவைப் பார்த்ததும், "சொந்த வண்டின்னு சொன்னே, எவன் பேரோ எழுதியிருக்கு?" என்று தங்கையிடம் கேட்டுவிட்டார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்று காலை காத்தாடியார் குளித்துவிட்டு வருவதற்குள், கணவர் பெயரை ஆளுயர ஸ்டிக்கராக அடித்து வந்து கம்பெனி பெயர் மேலேயே ஒட்டிவிட்டாள். பார்த்துப் பதறிய காத்தாடியார் உடனே உரிக்கச் சொல்லியிருந்தார்.

"சிவப்பு பெயின்ட் இருக்குல்ல? கொண்டாங்க மாப்ளே. எனக்குக் கையெழுத்து முத்து முத்தா வரும்" என்று மச்சான் பிரஷைப் பிடுங்கினார்.

எழுத்து முத்து முத்தாகத்தான் வந்தது. பாதிப் பெயரிலேயே கதவு தீர்ந்துவிட்டது. மீதியை ஜன்னல் கண்ணாடியில் எழுதினார்.

"இடம் பத்தலே மாப்ளே. வண்டி சின்னது."

"ஈரமா இருக்கே! இப்ப எப்படிக் காயும்?"

மனைவி டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து முழு வேகத்தில் வைத்தாள். பெயின்ட் காயவில்லை, வழிந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தாடி முளைத்தது.

வாசலில் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்த பைலட், "கம்பெனி கார் திரும்புது சார்" என்றார். அவருக்கு எதுவுமே பதற்றம் தராது.

"வண்டியை வெளியே இழுங்க! மேலே எடுங்க! பெயின்ட் காயற வரைக்கும் இறங்காதீங்க!"

"சும்மா சுத்தினா கேள்வி வரும். பாசஞ்சர் யாரு?"

காத்தாடியார் மச்சானைப் பார்த்தார்.

"மாப்ளே, எனக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியாயிற்று.

ஆபீசர் காரைவிட்டு இறங்கும்போது ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அண்ணாந்து பார்த்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எங்கே போகுது?"

"ஓயாத வேலை சார்!"

"யாருக்கு வேலை? எங்க வழியா எதுவும் வரலையே! வேற கம்பெனிக்காரங்க யாராவது உங்களைக் கூப்பிட்டாங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்ல சார்!"

பொறியில் மாட்டிவிடப் பார்க்கிறார் என்று காத்தாடியாருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி அலறியது.

"மாப்ளே! உங்க பேரையே போட்டுக்குங்க! என் தங்கச்சி சொன்னதுதான் சரி! என்னை இறக்கி மட்டும் விடுங்க!"

"உங்க பேரா?" ஆபீசரின் முகத்தில் ஈயாடவில்லை. "முதல்ல வண்டியை இறக்கச் சொல்லுங்க."

வண்டி இறங்கியது. காற்று புழுதியை வாரியது. பாதிப் புழுதி எழுத்துகளில் ஒட்டிக்கொண்டது, காயாத சிவப்புப் பெயின்ட் துளித்துளியாகப் பறந்து வந்து வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தது. மச்சான் தவழ்ந்து வெளியே வந்து தரையைக் கட்டிக்கொண்டார். ஆபீசர் சட்டையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஜன்னலில் பாதிப் பெயரைப் பார்த்தார்.

விற்ற வீடு காத்தாடியாரின் கண்முன்னே வந்து நின்றது. "சார், எங்க பொழப்பே இதுதான். லைசென்ஸை மட்டும்..."

ஆபீசர் விறுவிறுவென்று போய் வாலைத் தொட்டுப் பார்த்தார். முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்தார். பிறகு வந்து காத்தாடியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க பேரையும் பெரிசாவே போட்டுக்குங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். சட்டை கிடக்குது விடுங்க. வால்ல இருக்கற அந்த ஏழாம் நம்பரை மட்டும் அழிச்சிடாதீங்க, என்ன?"

மனைவி சோப்பு எடுத்துக் கொடுக்க, அவர் சட்டையை அலச மாடிக்குப் போனார்.

காத்தாடியாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கார் கண்ணாடியில் தெறித்த சிவப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் போனார்.

"ஏங்க, உங்க ஆபீசர் மத்த ஆறு ஹெலிகாப்டர்காரங்க கிட்டயும் இவ்வளவு தங்கமாத்தான் நடந்துக்குவாரா?"

டிரைவர் துணியை உதறினார். "எந்த ஆறு? எங்க கம்பெனிக்கு மிச்சம் இருக்கறதே இந்த ஒண்ணுதான் சார். நீங்க கழட்டிக்கிட்டா எங்க லைசென்ஸே போயிடும்னு, கால்ல விழுறதுக்கும் தயாராத்தான் வந்திருக்கார்!"